ஐந்தாம் சுற்று

ஜூலை பிறந்துவிட்டால் வெர்லின் ஸ்ட்ரௌட் வீட்டில் யாரும் யாரிடமும் நல்ல வார்த்தை பேசுவதில்லை. நான்கு கோழிக் கொட்டகை, கொட்டகைக்கு இருபத்து நாலாயிரம் கோழி, வெளியே நூறு டிகிரி வெயில். விசிறிகள் அரை மணி நேரம் நின்றால் போதும், ஆறு வாரம் வளர்த்தது அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்துவிடும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில மலையடிவாரத்தில் பாதிக் குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். வெயிலும் நாற்றமும் வளர்ப்பவனுடையவை.

அந்த வருடம் வெயிலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெர்லினின் மகன் டால்டன் டிராஃப்டுக்கு நின்றான்.

டால்டனுக்கு இருபத்தொரு வயது. இடது கைக்காரன். கல்லூரி பேஸ்பால் அணியின் முதல் பந்துவீச்சாளன். ஜூலை நடுவில் மூன்று நாள், முப்பது தொழில்முறை அணிகளும் முறை வைத்து நாடெங்குமிருந்து பையன்களைப் பொறுக்கி எடுக்கும். மொத்தம் இருபது சுற்று. டால்டன் நாலிலோ ஐந்திலோ போவான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். தெரியாதவர்கள் இரண்டாம் சுற்று என்றார்கள். வெர்லின் தீவனக் கடை வாசலில் நின்றுகொண்டு முதல் சுற்று என்றே சொல்லி வந்தார்.

வீட்டில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாதவள் கென்ட்ரா ஒருத்திதான். டால்டனுக்கு எட்டு வயது மூத்த அக்கா. காலை ஐந்தரை மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தால் செத்த கோழிகளைப் பொறுக்கி முடிக்க எட்டாகும். ஐந்நூறு அடி நீளம், போக ஒரு தடவை, வர ஒரு தடவை, நான்கு கொட்டகை. அமோனியா நெடியில் கண் எரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் அந்த வாடை போகாது.

டிராஃப்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் இரண்டு வாளி நிறைய செத்த கோழியோடு வெளியே வந்தபோது, டால்டன் முற்றத்துக் குழாயடியில் குனிந்து நின்றான். நாய்க்குத் தண்ணீர் பிடிக்க வந்திருந்தான். குழாய் இறுகிக் கிடந்தது. வலது கையால் திருகிப் பார்த்தான். முடியாமல் சட்டை நுனியைச் சுற்றி மறுபடி திருகினான். இடது கை உடம்போடு ஒட்டி மடங்கிக் கிடந்தது.

கென்ட்ரா வாளிகளைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, இடது கை எங்க போச்சு?"

"இங்கதான் இருக்கு. உனக்கென்ன?"

"குழாய் தொறக்கக்கூட அதைத் தர மாட்டியா? அவ்வளவு விலையேறிப் போச்சா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? போய் உன் கோழியப் பாரு."

"என் கோழியா? சரிதான். எனக்கு எழுதி வச்சிட்டீங்க போல." அவள் வண்டிக்குப் போய் முன்சீட்டுக்குக் கீழே கிடந்த கேட்சர் கையுறையை எடுத்து வந்தாள். "வா. பத்துப் பந்து போடு."

"கோச் வீசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஓய்வு."

"பத்துப் பந்துதானே. இல்ல, முடியாதா?"

அந்தக் கேள்விக்காகவே அவன் வந்தான். அவனுக்கு ஒன்பது வயதிலிருந்து அவள்தான் பந்து பிடித்திருக்கிறாள். பக்கத்தில் வேறு ஆள் கிடையாது, அப்பாவுக்கு முட்டி மடங்காது. அவளுடைய இடது சுண்டுவிரல் ஒருமுறை ஒடிந்து கோணலாகக் கூடியது அவன் பந்தினால்தான். மூன்றாம் கொட்டகைக்குப் பின்னால் புல் வெட்டிய இடத்தில் அவள் உட்கார, அறுபது அடி தள்ளி அவன் நின்றான்.

முதல் பந்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேகம் இருந்தது. ஆனால் அவன் பந்து எப்போதும் கடைசி ஒரு கஜத்தில் எகிறும், கையுறையை மேலே தள்ளும். இப்போது அது செத்து விழுந்தது. அடுத்து நான்கு அதே மாதிரி. ஆறாவது பந்தை வளைத்து வீசச் சொல்லி விரலைக் காட்டினாள். வீசிய கையோடு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

கென்ட்ரா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை.

"எப்பலேர்ந்து?"

"என்ன எப்பலேர்ந்து? ஒண்ணுமில்ல, சுளுக்கு."

"டால்டன்."

"மே மாசம். அந்தக் கடைசித் தொடர்ல. வியாழக்கிழமை முழு ஆட்டமும் வீசினேன். கை ஆறறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை திரும்பவும் போட்டேன். அப்போ உள்ள என்னமோ சூடா ஓடுச்சு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போகல. ஸ்கேன் எடுத்தா காகிதத்துல வந்திடும், காகிதத்துல வந்தா எல்லா அணிக்கும் தெரிஞ்சிடும், ஓய்வு எடுத்தா சரியாயிடும்னு கோச் சொன்னாரு."

"உன் கையா, அவரு கையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் அது இல்லை. "இத பாரு. திங்கக்கிழமை வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு இரு. மூணே நாளு. இதுல உனக்கும்தான் லாபம். காசு வந்தா இங்க ஆள் வச்சிட்டு உன்னை விட்டுடறேன்னு அப்பா சொல்லியிருக்காருல்ல? அப்புறம் என்ன பெரிய யோக்கியம்?"

அது உண்மைதான். அதனால்தான் அவளுக்கு அப்படி ஆத்திரம் வந்தது. கையுறையைக் கழற்றி அவன் காலடியில் போட்டுவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று மத்தியானம் நான்காம் கொட்டகையில் ஒரு விசிறியின் பெல்ட் அறுந்தது. வெர்லின் ஏணியில் நின்று மாட்ட, கென்ட்ரா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரத்தட்டிகளைத் தாண்டி வந்த காற்றுகூடக் கொதித்தது. கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு, சத்தம் போடக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தன.

"அப்பா, அவன் கை போச்சு."

வெர்லின் திருப்புளியை நிறுத்தவில்லை. "அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடு."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. எனக்குத் தெரியும்."

அவள் ஏணியை விட்டுவிட்டாள். ஏணி ஆடியது.

"புடிடீ! என்னைக் கொல்லப் பாக்கிறியா?"

"தெரியுமா? தெரிஞ்சுதான் ஊரெல்லாம் முதல் சுற்று முதல் சுற்றுன்னு கூவிக்கிட்டுத் திரியறியா?"

"அவன் வலது கையால சோறு திங்கறது உனக்கு மட்டும்தான் தெரியுமா? நானும் அதே மேசையிலதான் உக்காந்து திங்கறேன்." வெர்லின் இறங்கி வந்தார். வியர்வை தாடியிலிருந்து சொட்டியது. "இப்ப என்ன செய்யணுங்கிற? ஊர் ஊராப் போன் போட்டு, எம்புள்ள நொண்டி, எடுக்காதீங்கன்னு சொல்லணுமா?"

"கையெழுத்துக்கு முன்னாடி அவங்களே ஸ்கேன் எடுப்பாங்க. அப்பத் தெரியாதா?"

"தெரியட்டும். அதுக்குள்ள பேரு வந்திருக்கும். பேரு வந்தப்புறம் குறைச்சுக் குடுப்பான், பேரம் பேசுவான். ஒண்ணுமே இல்லாததுக்கு அது மேல். போன தடவை கம்பெனிக்காரன் நொண்டிக் குஞ்சா எறக்கிட்டுப் போனானே, சொல்லிட்டா எறக்கினான்? அதே குஞ்சை வளத்துக் குடுத்ததுக்கு, பதினாலு பண்ணையில நீதான் கடைசின்னு பட்டியல் போட்டு, காசையும் குறைச்சு அனுப்பினான். என்கிட்ட இது வரைக்கும் எவன் உண்மை சொன்னான்? நான் மட்டும் ஏன் சொல்லணும்?"

"அது கோழி. இது உன் பிள்ளை."

"கோழியை வச்சுத்தான் பிள்ளையை வளத்தேன். நீ ஒண்ணும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்." அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "உங்கம்மாகிட்ட மூச்சு விட்டே, அப்புறம் பாரு."

கென்ட்ரா மூச்சு விடவில்லை. ஞாயிறு முழுக்கப் பேசாமல் இருந்தாள். சர்ச்சில் போதகர் டால்டனை முன்னால் நிறுத்தி, அவன் தோள்மேல் கை வைத்து ஜெபம் செய்தபோதும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கள்கிழமை தாண்டினால் தனக்கும் ஒரு வழி பிறக்கும் என்ற நினைப்பு உள்ளே இருந்தது. அதைத் துரத்தவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

முதல் நாள் பெரிய பெயர்களோடு போயிற்று. டால்டன் பெயர் இல்லை. திங்கள் மத்தியானம் ஐந்தாம் சுற்று நெருங்கியபோது முற்றத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். அம்மா ட்வைலா மூன்று நாளாக அடுப்படியை விட்டு வரவில்லை. புகையில் பத்து மணி நேரம் வாட்டிய பன்றித் தோள், சோள ரொட்டி, காராமணி, வறுத்த வெண்டைக்காய், பெரிய தட்டில் வாழைப்பழப் புட்டிங். டிவியை வெளியே இழுத்துப் போட்டு வெயில் படாமல் அட்டை கட்டியிருந்தார்கள். கொட்டகைப் பக்கமிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் மூக்கைச் சுளித்தார்.

வெர்லினின் தம்பி டென்னி கையில் பீரோடு டால்டனைச் சுற்றி வந்தார். "நல்லாப் பாத்துக்கடா எங்க மூஞ்சியெல்லாம். நாளைக்கு இந்நேரம் நீங்க யாருங்கன்னு கேப்பே."

"இப்பவே கேக்கலாம்னுதான் இருக்கேன் சித்தப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். கென்ட்ரா சிரிக்கவில்லை. சமையலறைக் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாலரை மணிக்கு மேசைமேல் இருந்த செல்போன் அடித்தது. வெர்லின் ஒரே எட்டில் போய் டிவி சத்தத்தை நிறுத்தினார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்ததும் அவர்தான்.

பேசியவர் லெஸ் ஹார்பின். ஓர் அணிக்காக ஊர் ஊராகச் சுற்றி ஆள் பார்ப்பவர். அறுபதைத் தாண்டியவர். டால்டன் பள்ளியில் வீசிய நாளிலிருந்து வந்து வேலியோரம் நிற்பார். ட்வைலா கையால் இரண்டு தடவை காராமணி சாப்பிட்டிருக்கிறார்.

"டால்டன், நான் லெஸ். இன்னும் மூணு பேர் தாண்டினா எங்க முறை. கையெழுத்துக்கு நாலு லட்சம் டாலர். சம்மதமா?"

முற்றத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். வெர்லின் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"சம்மதம் சார்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மே மாசத்துக்கப்புறம் நீ வீசவே இல்ல. இங்க நாலு பேரு என்கிட்ட கேக்கறாங்க. நான் உனக்காக என் வேலையைப் பணயம் வச்சுப் பேசியிருக்கேன். கை நல்லாருக்கா, டால்டன்?"

டால்டன் வாயைத் திறந்தான். கென்ட்ராவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. போனையே பார்த்தான்.

"இல்ல சார்."

"என்ன சொன்னே?"

"நல்லா இல்ல. மே மாசத்துலேர்ந்து வலிக்குது. குழாய்கூடத் தொறக்க முடியல."

போனில் லெஸ் நீளமாக மூச்சு விட்டார். "சொன்னதுக்கு சந்தோசம் தம்பி. முதல்ல போய் டாக்டரைப் பாரு." அவ்வளவுதான். போன் அணைந்தது.

மூன்று பேர் தாண்டி அந்த அணியின் முறை வந்தது. திரையில் வேறொரு பையனின் படம் வந்தது. அவன் வீட்டிலும் ஒரு முற்றம், ஒரு கூட்டம், எல்லாரும் துள்ளினார்கள்.

டென்னிதான் முதலில் பேசினார். "அடேயப்பா. உண்மை பேசறதுக்கு நல்ல நேரம் பாத்தான்யா."

வெர்லின் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். பன்றித் தோள் இருந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கி வேலியைத் தாண்டி வீசினார். நாய் ஓடிற்று.

"எல்லாரும் கெளம்புங்க. விருந்து முடிஞ்சுது."

"வெர்லின்!" என்றாள் ட்வைலா.

"கெளம்பச் சொன்னேன்!"

கார்கள் ஒவ்வொன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. வெர்லின் மகன் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று கென்ட்ரா நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

"'நல்லாருக்கு சார்.' ரெண்டே வார்த்தை. அது வரலியா உன் வாயில? பதிமூணு வயசுலேர்ந்து உன்னைத் தங்கத் தாம்பாளத்துல வச்சுத் தாங்கினேனே, ரெண்டு வார்த்தை சொல்லத் துப்பில்லையா?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேம்ப்பா. வேற வந்திடுச்சு."

"வேற வந்திடுச்சாம். போ. வந்ததை நீயே வச்சுக்கிட்டு நக்கு."

அன்றும் மறுநாளும் போன் அடிக்கவில்லை. இருபது சுற்றும் முடிந்தன. அறுநூறு பையன்களுக்கு மேல் எடுத்தார்கள். டால்டன் பெயர் எங்கும் இல்லை. புதன்கிழமை ட்வைலா யாரையும் கேட்காமல் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தாள். முழங்கையின் உள்பக்கத்துத் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும், ஒரு வருடத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது. ஸ்கேன் காகிதத்தை அவள் வெர்லினின் சாப்பாட்டுத் தட்டின்மேல் வைத்தாள். "தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட மறைச்சீங்க. மூணு பேரும்," என்றாள். அதற்கப்புறம் அவளும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை கோச் மெக்ரேவன் வந்தார். கழுவித் துடைத்த வண்டி, கதவில் கல்லூரி முத்திரை. இறங்கியதும் கொட்டகை வாடைக்கு முகம் ஒருமுறை சுருங்கி, உடனே சிரிப்பாக மாறியது.

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். "வாங்க கோச். உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

கென்ட்ரா கொட்டகையிலிருந்து அப்படியே ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்து நின்றாள். அம்மா ஐஸ் போட்ட டீயைக் கோச் முன்னால் வைத்தாள். டால்டன் மேசையின் அடுத்த முனையில் உட்கார்ந்தான்.

கோச் டால்டனைத் திட்டவில்லை. "நீ பண்ணினது சரியா தப்பான்னு பேச நான் வரல. நடந்தது நடந்துபோச்சு. இனி உன் எதிர்காலத்தைப் பாக்கணும். ஒரு பத்திரிகைக்காரன் மூணு நாளாக் கல்லூரிக்குப் போன் மேல போன் போட்டுக்கிட்டு இருக்கான். போன வருசம் இன்னொரு பையனுக்கு முழங்கை போச்சுல்ல, அதையும் இதையும் முடிச்சுப் போடறான். யாருக்கும் நல்லதில்ல. உனக்கும் நல்லதில்ல." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். மேலே ஒரு பேனாவை வைத்தார்.

வெர்லின் எடுத்துப் படித்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். குடும்பப் பண்ணையில் பளு தூக்கும் வேலை செய்தபோது இடது முழங்கையில் காயம் ஏற்பட்டது என்று இருந்தது.

"இவன் கையெழுத்துப் போட்டா?"

"அணியில இடம் இருக்கும். ஆபரேஷன் செலவைக் கல்லூரி பாத்துக்கும். ஒரு வருசம் போகட்டும், அடுத்த வருசம் வீசட்டும், திரும்ப டிராஃப்டுக்கு நிக்கட்டும். இடது கைக்காரனுக்கு எப்பவும் கிராக்கி உண்டு."

"போடலேன்னா?"

"வெர்லின், என்கிட்ட இருக்கற இடம் கொஞ்சம். ஒரு வருசம் சும்மா உக்காரப் போறவனுக்கு எதை வச்சு இடம் குடுக்கிறது, சொல்லுங்க."

வெர்லின் காகிதத்தை மகன் பக்கம் தள்ளினார். "போடு."

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் கென்ட்ரா.

"உனக்கு இங்க வேலையில்ல. போ."

அவள் மேசையருகே வந்து காகிதத்தைத் தலைகீழாகவே படித்தாள். முகம் சிவந்தது. "பளு தூக்கினானா? எங்க தூக்கினான்? எந்தக் கொட்டாய்ல?"

"கென்ட்ரா, வாயை மூடு."

"மூட மாட்டேன். கோச், நீங்க கேளுங்க. இவனுக்குப் பதிமூணு வயசானப்ப எங்கப்பா ஒரு சட்டம் போட்டாரு. இவன் வாளியைத் தொடக்கூடாது, கை கெட்டுடும். தீவன மூட்டையைத் தொடக்கூடாது. மம்பட்டி தொடக்கூடாது. அன்னியிலேர்ந்து இவன் பங்கு நான்தான் செஞ்சேன். எட்டு வருசம். ரெண்டு வாளி எடுக்கற எடத்துல நாலு வாளி. இந்தாங்க, இதைப் பாருங்க." இரண்டு கையையும் டீ டம்ளருக்கு இரண்டு பக்கமும் விரித்து வைத்தாள். காய்த்துப்போன உள்ளங்கை, கோணல் சுண்டுவிரல், நகக்கண்ணில் கறுப்பு. கோச் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். "இவன் தூக்கவே கூடாதுன்னு நான் தூக்கினேன். இப்போ அதையும் தூக்கி இவன் கணக்குல எழுதிட்டீங்களா? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்யா. நான் செஞ்ச வேலை."

டால்டன் பேனாவை எடுத்தான். வலது கையால் எடுத்து, எழுதத் தெரியாதவன்போல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மே மாசம் அந்த வியாழக்கிழமை நான் எத்தனை பந்து வீசினேன் கோச்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?"

"நூத்தி முப்பத்தேழு. ஞாயித்துக்கிழமை நாப்பத்தொண்ணு. இதுல அது இல்லையே."

கோச்சின் சிரிப்பு கழன்றது. "ஞாயித்துக்கிழமை நான் உன்னைக் கூப்பிட்டேனா? நீதானே வந்து பந்தைக் குடுங்கன்னு நின்னே? பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் பாத்தாங்க. இப்போ என் தலையில கட்டறியா?"

"ஆமா. நான்தான் கேட்டேன்." டால்டன் காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினான். "அதையே எழுதுங்க. நான் கேட்டேன், நீங்க குடுத்தீங்க. ஸ்கேன் வேண்டாம்னு சொன்னீங்க, நானும் சரின்னேன். அப்படி எழுதுங்க, இப்பவே போடறேன்."

"அப்படி எவனாவது எழுதுவானா?"

"அப்போ வேணாம்."

"போடுடா," என்றார் வெர்லின். குரல் உடைந்திருந்தது. "உன் கால்ல விழணுமா? போடு."

"மாட்டேன்பா."

வெர்லின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

கோச் காகிதத்தை மடித்தார். "நல்லா யோசிச்சுக்க. இன்னிக்கு நான் இந்த வாசலைத் தாண்டினா, அப்புறம் உனக்காக நான் போன்கூட எடுக்க மாட்டேன்."

அவர் ஒரு வாய்கூடக் குடிக்காத டீயை ட்வைலா எடுத்தாள். அவர் கண் முன்னாலேயே தொட்டியில் கொட்டினாள். "வாசல் அந்தப் பக்கம்," என்றாள். ஒரு நாளாக அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சாயங்காலம் கென்ட்ரா அப்பாவைத் தேடிப் போனாள். அவர் முதல் கொட்டகையில் தண்ணீர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எட்டு வருசம் தூக்கினேன்னு ஊரான் முன்னாடி கத்தினியே," என்றார் திரும்பாமல். "உன்னை யாரு தூக்கச் சொன்னா?"

"நீதான்."

"மாட்டேன்னு சொல்லியிருக்கணும். இப்போ அவன் சொன்னான் பாரு, அந்த மாதிரி."

அவர் சொன்னது அநியாயம். ஆனால் அது அவளுக்கு வேறெங்கோ போய்த் தைத்தது.

"சரி. இப்ப சொல்றேன். மாட்டேன். இந்தக் கோழியை லாரி ஏத்தினதும் நான் போறேன்."

"போ. எல்லாரும் போங்க. கதவைச் சாத்திட்டுப் போ, காத்து போகுது."

ஆகஸ்ட் முதல் வாரம் கோழி பிடிக்கிறவர்கள் வந்து நான்கு கொட்டகையையும் காலி செய்தார்கள். மறுநாள் கென்ட்ரா ஐம்பது மைல் தள்ளி ஒரு தீவன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். தானியத்தில் ஈரம் பார்க்கும் வேலை. உட்கார்ந்து செய்வது. முதல் வாரம் முழுக்க ஐந்து மணிக்கு விழிப்பு வந்து, எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலில் கிடந்தாள். பத்தாம் தேதி புதுக் குஞ்சுகள் வந்ததாக அம்மா போனில் சொன்னாள். டால்டன் ஒரு கையால் கொட்டகை பார்க்கிறான் என்றும், அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, விரலை நீட்டித்தான் வேலை சொல்கிறார் என்றும் சொன்னாள்.

செப்டம்பரில் ஆபரேஷன். பள்ளி பஸ் ஓட்டும் ட்வைலாவின் வேலையில் கிடைத்த காப்பீட்டில், மாநிலத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது. அன்று அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "உங்கப்பா கூட்டிட்டுப் போறாரு. ரெண்டு பேரும் ஊமையா மூணு மணி நேரம் போவாங்க. நீயாவது போ," என்று கென்ட்ராவிடம் போனில் சொன்னாள்.

கென்ட்ரா போனபோது டால்டனை உள்ளே கூட்டிப்போயிருந்தார்கள். வெர்லின் வரவேற்பு மேசை முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். தாடியில் நரை கூடியிருந்தது. அவள் இரண்டடி தள்ளி நின்றாள். ஆறு வாரமாகப் பேச்சில்லை.

மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண், கையில் படிவத்தோடு விறுவிறுவென்று கேட்டுக்கொண்டே போனாள். பெயர், பிறந்த தேதி, மருந்து ஒவ்வாமை. பிறகு தலையைத் தூக்கினாள்.

"இவருக்கு அடி எப்படிப் பட்டுது சார்? விலாசம் கோழிப் பண்ணைன்னு இருக்கு. பண்ணை வேலையில பட்டதுன்னு எழுதிக்கட்டுமா?"

வெர்லின் தொப்பியை ஒருமுறை சுற்றினார்.

"சார்? பண்ணை வேலைதானே?"

"அவன் பண்ணை வேலை செஞ்சிருந்தாத்தானேம்மா அடிபடும்?" அவர் குரல் அந்தக் கூடத்துக்கே கேட்கும்படி எழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பந்து வீசி வீசிப் போச்சு. பெரியவங்க நாலு பேரு இருந்தோம், ஒருத்தனும் தடுக்கல. அப்படி எழுது."

"சரி, விளையாட்டுன்னு போடறேன். பண்ணை வேலை இல்ல." அவள் படிவத்தில் எதையோ கோடு போட்டு அடித்தாள்.

"பண்ணை வேலை இல்லேன்னு யாரு சொன்னா? வேலையெல்லாம் நடந்துச்சு. எட்டு வருசம். அது செஞ்சவ இவ." அவர் முகத்தைத் திருப்பாமலே தொப்பியால் கென்ட்ராவைக் காட்டினார். குற்றம் சொல்பவர்போல, கோபமாகத்தான் காட்டினார்.

அந்தப் பெண் கென்ட்ராவைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். "அதை எழுத இதுல இடம் இல்லீங்க சார்."

"ஓரத்துல எழுது," என்றார் வெர்லின்.